சிவப்பு விளக்கு ஏன் அணைகிறது? பழைய கேம்பர் வேனின் ஆல்டர்னேட்டரில் ஓர் இயற்பியல் பாடம்

மின்காந்தத் தூண்டல் பாடத்தை நடத்தி முடித்தபின் மாணவர்களிடம், "ஓடும் வண்டியில் பேட்டரி ஏன் தீர்ந்துபோவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபாரடே விதிகளைத் தடுமாறாமல் சொல்லும் மாணவர்கூட இந்தக் கேள்விக்குச் சற்றுத் திகைப்பார். மின்னியற்றியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தவருக்கு, தினமும் ஏறி வரும் பேருந்தில் அதே கருவி சுழன்றுகொண்டிருப்பது தெரிந்திருக்காது. பாடமும் வாழ்க்கையும் சந்திக்கும் ஓர் இடமாக ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பின் காந்தவியல் முதல் மேல்நிலை வகுப்பின் மாறுதிசை மின்னோட்டம், டையோடு வரை பல கருத்துகள் அந்த ஒரே கருவிக்குள் இருக்கின்றன.

இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1967 முதல் தயாரித்த இரண்டாம் தலைமுறை வேன் அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தி, வீடுபோல் பயன்படுத்தும் கேம்பர் வேனாக அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்றது. ஜெர்மனியில் 1979-இல் அதன் தயாரிப்பு முடிந்தது. பிரேசிலில் 2013 வரை தொடர்ந்தது. அரை நூற்றாண்டு பழைய வண்டிகளை இன்றும் பலர் தாங்களே பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். மின்னணுக் கட்டுப்பாடுகள் குறைந்த வண்டி என்பதால் ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். நமக்கு வேண்டியதும் அதுவே.

டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு

நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் சிலர் ஆல்டர்னேட்டரை 'டைனமோ' என்றே சொல்வதுண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் அமைப்பு வேறு. இந்த வேறுபாட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

டைனமோவில் காந்தப்புலம் நிலையாக இருக்கும். மின்சாரம் உருவாகும் கம்பிச்சுருள் சுழலும். உருவாகும் மின்னோட்டம் முழுவதும் பிளவுபட்ட செப்பு வளையம், கார்பன் பிரஷ் வழியாகவே வெளியே வர வேண்டும். மின்னோட்டம் கூடும்போது பிரஷ்களில் தீப்பொறி பறக்கும்; தேய்மானம் கூடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவால் போதிய மின்சாரம் தர இயலாது.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். காந்தம் சுழல்கிறது, கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. சுழலும் பகுதி ரோட்டார், நிற்கும் பகுதி ஸ்டேட்டர். ரோட்டாரை மின்காந்தமாக்கச் சில ஆம்பியர் மின்னோட்டம் போதும். பிரஷ்களும் நழுவு வளையங்களும் அந்தச் சிறிய மின்னோட்டத்தை மட்டுமே சுமக்கின்றன. பல பத்து ஆம்பியர் உருவாகும் ஸ்டேட்டர் சுருள்கள் நேரடியாகக் கம்பிகளில் இணைகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் 'நிலையான சுருளும் சுழலும் காந்தப்புலமும் கொண்ட அமைப்பின் நன்மைகள்' என்று நாம் நடத்தும் பகுதியின் பொருள் இதுதான்.

ஸ்டேட்டரில் உருவாவது மூன்று கட்ட மாறுதிசை மின்னோட்டம். பேட்டரிக்கு வேண்டியது நேர்த்திசை மின்னோட்டம். எனவே ஆறு சிலிக்கான் டையோடுகள் கொண்ட அலைதிருத்தி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831-இல். ஆனால் கார்களில் ஆல்டர்னேட்டர் பரவலானது 1960-க்குப் பிறகுதான். கிரைஸ்லர் நிறுவனம் அவ்வாண்டு தன் வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. சிறிய, மலிவான, வெப்பத்தைத் தாங்கும் டையோடுகள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் எடுத்துக்கொண்ட வேனும் முதலில் டைனமோவுடன் வந்து, 1970-களில் ஆல்டர்னேட்டருக்கு மாறியது. ஒரு துறையின் கண்டுபிடிப்பு இன்னொரு துறையின் வளர்ச்சிக்காகக் காத்திருக்கும் என்பதற்கு இது வகுப்பில் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு.

சிவப்பு விளக்கின் தர்க்கம்

சாவியைத் திருப்பியதும் ஓட்டுநர் முன் சிறிய சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறது. இந்த நிகழ்வை மட்டும் வைத்து ஒரு முழுப் பாடவேளையை நடத்தலாம்.

"சார், பேட்டரி இருக்கு, சாவியும் போட்டிருக்கு. அப்புறம் ஏன் சார் விளக்கு அணையுது?" என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லிவிடாமல் கரும்பலகையில் சுற்றை வரையுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து சாவி, சாவியிலிருந்து விளக்கு, விளக்கின் மறுமுனை ஆல்டர்னேட்டரின் 'டி பிளஸ்' முனைக்கு. அங்கிருந்து ரெகுலேட்டர், பிரஷ், ரோட்டார் சுருள் வழியாக எர்த்.

எஞ்சின் ஓடாதபோது விளக்கின் ஒரு பக்கம் ஏறத்தாழ 12 வோல்ட். மறுபக்கம் ஏறத்தாழ சுழி. மின்னழுத்த வேறுபாடு இருப்பதால் மின்னோட்டம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. 1.2 வாட் விளக்கு என்றால் மின்னோட்டம் 1.2 ÷ 12 = 0.1 ஆம்பியர். இந்தச் சிறு மின்னோட்டம் ரோட்டாருக்குத் தொடக்கக் காந்தத்தன்மையைத் தருகிறது. ரோட்டார் சுழன்றதும் ஸ்டேட்டரில் மின்னழுத்தம் உருவாகிறது. அதன் ஒரு பகுதி மூன்று சிறிய டையோடுகள் வழியாக 'டி பிளஸ்' முனைக்கு வருகிறது. இப்போது விளக்கின் இருபக்கமும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தம். வேறுபாடு இல்லை, மின்னோட்டம் இல்லை, விளக்கு அணைகிறது. அணைந்த விளக்கின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கிறது என்பதே மாணவர்களை வியக்க வைக்கும் செய்தி. மின்னழுத்தத்துக்கும் மின்னழுத்த வேறுபாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே மனத்தில் பதியும்.

இதே தர்க்கத்தால் பழுதையும் கண்டறியலாம். மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, சுற்றைப் பார்த்தே காரணம் சொல்லச் செய்யுங்கள்.

• சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை: சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. விளக்கு எரிந்துபோயிருக்கலாம், பிரஷ் தேய்ந்து வளையத்தைத் தொடாமல் இருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம்.
• எஞ்சின் ஓடியும் விளக்கு முழு வெளிச்சத்துடன் எரிகிறது: ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம்.
• விளக்கு மங்கலாக எரிகிறது: இருபக்கமும் சிறு வேறுபாடு இருக்கிறது. டையோடு ஒன்று கெட்டிருக்கலாம். இணைப்பில் துரு ஏறியிருக்கலாம்.

விளக்கு எரிந்துபோனால் தொடக்க மின்னோட்டமும் கிடைக்காது. நல்ல ஆல்டர்னேட்டர்கூட மின்சாரம் தரத் தொடங்காமல் போகலாம். சிறிய பல்பு ஒன்று மாற்ற வேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டரையே மாற்றிச் செலவழிப்பவர்கள் உண்டு. பாடத்தைப் புரிந்துகொண்டவர் இந்த வீண்செலவைத் தவிர்ப்பார்.

அதே அறிகுறி, வேறு பொருள்

ஓடும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்? பகல் வேளையில், சில கார்களில், தேவையற்ற மின்கருவிகளை அணைத்துவிட்டுப் பேட்டரியில் மிச்சமுள்ள மின்சாரத்தைக் கொண்டு சற்றுத் தொலைவு ஓட்டிவிட முடியும். ஆனால் 1600 சிசி எஞ்சின் கொண்ட இந்தப் பழைய வேனில் அப்படிச் செய்தால் எஞ்சினே கெட்டுவிடும்.

காரணம் எஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. இது தண்ணீரால் அல்ல, காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின். குளிர்விக்கும் விசிறி, ஆல்டர்னேட்டர் சுழலும் அதே தண்டின் மறுமுனையில் பொருத்தப்பட்டுள்ளது. பெல்ட் அறுந்தால் மின்சாரம் நிற்பதோடு விசிறியும் நின்றுவிடும். அடுத்த சில நிமிடங்களில் எஞ்சின் அளவுக்குமீறிச் சூடாகும். எனவே இந்த வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். தண்ணீரால் குளிரும் பல எஞ்சின்களிலும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அங்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

'விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை' என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது தோன்றாது. எந்தத் தண்டில் எது பொருந்தியிருக்கிறது என்று பார்த்தவருக்குத் தோன்றும்.

பெல்ட்டும் வடிவியலும்

பராமரிப்பில் முதலிடம் பெல்ட்டுக்கு. தளர்ந்த பெல்ட் வழுக்கும். மின்சாரமும் குறையும், விசிறிக் காற்றும் குறையும். அளவுக்குமீறி இறுகிய பெல்ட் பேரிங்கைத் தேய்க்கும். இந்த எஞ்சினில், இரு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும்.

இறுக்கத்தை மாற்றும் முறை கணித ஆசிரியருக்கும் பயன்படும். பெரும்பாலான வண்டிகளில் ஆல்டர்னேட்டரையே நகர்த்தி இறுக்குவார்கள். இங்கே ஆல்டர்னேட்டர் அசையாது. மேல் கப்பி இரு தட்டுகளாகப் பிரியும். இடையில் மெல்லிய வளையத் தகடுகள் இருக்கும். பட்டறையில் அவற்றை 'ஷிம்' என்பார்கள். இடையிலிருந்து ஒரு ஷிம்மை எடுத்தால் இரு தட்டுகளும் நெருங்கும். 'வி' வடிவப் பள்ளம் குறுகும். பெல்ட் மேலேறி உட்காரும். அது சுற்றும் வட்டத்தின் ஆரம் கூடும். பாதை நீள்வதால் பெல்ட் இறுகும். எடுத்த ஷிம்மை எறிந்துவிடாமல் கப்பியின் வெளிப்புறத்தில் அதே நட்டின் கீழ் வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சேர்ந்த எண்ணிக்கை மாறாது. புது பெல்ட் போடும்போது வேண்டிய ஷிம் அங்கேயே கிடைக்கும்.

வட்டமான அட்டைத் தட்டுகளைக் கூம்பு வடிவில் மடித்து, இடையே சிறு அட்டைகளை வைத்து, ஒரு நூலைச் சுற்றிக் காட்டினால் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் இது விளங்கும்.

ஊகிக்காமல் அளந்து பார்ப்போம்

காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் பலரும் முதலில் மாற்றுவது பேட்டரியை. புதுப் பேட்டரியும் சில நாளில் தீர்ந்துபோகும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இந்த வீண்செலவைத் தவிர்க்கலாம். கீழ்க்கண்ட வரிசை 12 வோல்ட் அமைப்புள்ள பெரும்பாலான பழைய வண்டிகளுக்குப் பொருந்தும்.

1. கண்ணால் பார்த்தல்: பெல்ட்டில் விரிசல், பேட்டரி முனைகளில் வெண்பூச்சு, கழன்ற எர்த் கம்பி ஆகியவை உள்ளனவா?
2. எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்றபின் பேட்டரியை அளத்தல்: ஏறத்தாழ 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதியளவு. 12-க்குக் கீழ் என்றால் மிகவும் இறங்கிவிட்டது.
3. எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அளத்தல்: 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். எஞ்சின் நின்றபோது இருந்த அளவிலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரியின் அமிலம் கொதித்துத் தண்ணீர் வற்றும்.
4. முகப்பு விளக்குகளைப் போட்டு மீண்டும் அளத்தல்: சற்று இறங்கலாம், 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும்.
5. கம்பியின் இழப்பை அளத்தல்: விளக்குகள் எரியும்போது ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளவிட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கம்பியிலோ இணைப்பிலோ மின்தடை கூடியிருக்கிறது. 25 ஆம்பியர் பாயும்போது 0.5 வோல்ட் இழப்பு என்றால் மின்தடை 0.5 ÷ 25 = 0.02 ஓம். இவ்வளவு சிறிய மின்தடையும் பழுதாகும் என்பது ஓம் விதியின் நடைமுறைப் பாடம்.
6. மல்டிமீட்டரை மாறுதிசை அளவுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் அளத்தல்: அரை வோல்ட்டுக்கு மேல் மாறுதிசை மின்னழுத்தம் தெரிந்தால் டையோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு படியும் ஒரு காரணத்தை விலக்குகிறது அல்லது உறுதி செய்கிறது. அறிவியல் முறை என்று நாம் பாடத்தில் சொல்வதன் கைவேலை வடிவம் இது.

செய்யக் கூடாத சோதனை

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை. அதனால் சார்ஜ் நன்றாக இருக்கிறது' என்று முடிவு செய்யும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து வந்தது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இது கேடு விளைவிக்கும். பேட்டரிக்குப் பாய்ந்துகொண்டிருந்த மின்னோட்டம் திடீரென அறுபடும்போது, ரோட்டாரின் காந்தப்புலம் அதே நொடியில் குறைந்துவிடுவதில்லை. மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட் எகிறும். டையோடும் ரெகுலேட்டரும் பாழாகும். பேட்டரியைத் தலைகீழாக இணைத்தாலும் அப்படியே: டையோடுகள் முன்னோக்குச் சார்பில் வந்து, தடையின்றிப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து எரிந்துவிடும்.

ஒரு காலத்தில் பிழைத்துப்போன பழக்கம், கருவி மாறியபின் ஆபத்தாகிறது. காரணம் தெரியாமல் கைமாறி வரும் விதிகளுக்கு இதுதான் நேரும். தொழிற்கல்வி மாணவர்களிடம் இதைக் கட்டாயம் பேச வேண்டும். நாளை பட்டறையில் நிற்கப்போவது அவர்கள்தாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: கியர் உள்ள சிறு பொம்மை மோட்டாரின் முனைகளில் எல்.இ.டி ஒன்றை இணைத்துத் தண்டைக் கையால் சுழற்றச் சொல்லுங்கள். வேகமாகச் சுழற்றினால் வெளிச்சம் கூடும்; எதிர்த்திசையில் சுழற்றினால் எல்.இ.டி எரியாது. 'சுழற்சி மின்சாரமாகிறது' என்ற ஒரு கருத்து இந்நிலைக்குப் போதும்.

உயர்நிலை: ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ பழுதான ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி, ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரின் உதவியுடன் பிரித்து வையுங்கள். அவரையே வகுப்புக்கு அழைப்பது இன்னும் நல்லது. மாணவர்கள் செய்ய வேண்டியவை:

• ரோட்டாரின் இரு நழுவு வளையங்களுக்கு இடையே மின்தடையை அளத்தல். பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். 4 ஓம் என்றால் 12 வோல்ட்டில் மின்னோட்டம் எவ்வளவு? (3 ஆம்பியர்)
• வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே அளத்தல். இணைப்பே இருக்கக் கூடாது. இருந்தால் காப்பு கெட்டுவிட்டது.
• பிரஷ்ஷின் நீளத்தை அளவுகோலால் அளந்து, புதிய பிரஷ்ஷுடன் ஒப்பிடுதல்.
• இணைப்பிலிருந்து பிரித்த டையோடுகளை இருதிசையிலும் சோதித்தல். ஒருதிசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

மேல்நிலை: நல்ல நிலையிலுள்ள பழைய ஆல்டர்னேட்டர் ஒன்றின் ரெகுலேட்டரை நீக்கிவிட்டு, 12 வோல்ட் பைக் பேட்டரியிலிருந்து 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, பிரஷ்கள் வழியாக ரோட்டாருக்கு மின்னோட்டம் கொடுங்கள். பல்பு மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். தண்டைக் கையால் சுழற்றி, ஸ்டேட்டரின் இரு முனைகளில் மாறுதிசை மின்னழுத்தத்தை அளவிடுங்கள். பேட்டரியைத் துண்டித்துவிட்டு மீண்டும் சுழற்றினால் அளவு சுழிக்கருகே விழும். பேட்டரியை இணைத்து, ஸ்டேட்டரின் முனைகளை ஒரு கம்பியால் சேர்த்துவிட்டுச் சுழற்றினால் தண்டு கைக்குக் கனக்கும். லென்ஸ் விதியைக் கையால் உணரும் வாய்ப்பு அது. மின்சாரம் இலவசமாக வருவதில்லை. எஞ்சின் எரிக்கும் எரிபொருளிலிருந்தே வருகிறது என்பதையும் இங்கேயே விளக்கலாம்.

ரெகுலேட்டரின் வேலையை மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வுடன் ஒப்பிடலாம். தண்ணீர் நிறைந்ததும் மிதவை குழாயை அடைப்பதுபோல், மின்னழுத்தம் உரிய அளவைத் தொட்டதும் ரெகுலேட்டர் ரோட்டாரின் மின்னோட்டத்தைக் குறைக்கிறது, இறங்கினால் கூட்டுகிறது.

ஒரு கணக்கு

கேம்பர் வேனில் எஞ்சினை இயக்கும் பேட்டரி தவிர, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, சிறு குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு இரண்டாவது பேட்டரி வைப்பதுண்டு. இரவில் 36 வாட் சுமை 6 மணி நேரம் இயங்கினால், மின்னோட்டம் 36 ÷ 12 = 3 ஆம்பியர்; செலவான மின்னூட்டம் 3 × 6 = 18 ஆம்பியர்-மணி. மறுநாள் ஆல்டர்னேட்டர் 15 ஆம்பியர் வீதம் ஏற்றினால் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? 18 ÷ 15 = 1.2 மணி, அதாவது 72 நிமிடம். உண்மையில் இன்னும் கூடுதல் நேரம் ஆகும். ஏன்? பேட்டரி நிறைய நிறைய அது ஏற்கும் மின்னோட்டம் குறையும்; ஏற்றும் மின்னூட்டம் முழுவதும் சேமிப்பாவதும் இல்லை. கணக்கின் விடையும் நடைமுறையும் ஏன் வேறுபடுகின்றன என்று விவாதிப்பது கணக்கைப் போடுவதைவிடப் பயன் தரும்.

ஆசிரியர் கவனத்திற்கு

• ஓடும் எஞ்சின் அருகே மாணவர்கள் செல்லக் கூடாது. அளவீடுகளைப் பயிற்சி பெற்றவர் செய்து காட்ட, மாணவர்கள் தள்ளி நின்று குறிப்பெடுக்கலாம். துப்பட்டா, தளர்ந்த கூந்தல், சட்டைக் கை ஆகியவை பெல்ட்டில் சிக்கும் அபாயம் உண்டு.
• ஆல்டர்னேட்டரில் கைவைக்குமுன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். வெளியீட்டு முனையில் எப்போதும் பேட்டரியின் மின்னழுத்தம் இருக்கும்.
• மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.
• சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அருகில் தீப்பொறி கூடாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 12.3 வோல்ட். எந்த மூன்று இடங்களைச் சோதிப்பீர்கள்? எந்த வரிசையில்? ஏன்?
2. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையில் 14.3 வோல்ட், பேட்டரி முனையில் 13.2 வோல்ட். பழுது ஆல்டர்னேட்டரிலா, கம்பியிலா?
3. காற்றால் குளிரும் எஞ்சினில் பெல்ட் அறுந்தபின் ஓட்டுவது ஏன் ஆபத்து?

இவ்வினாக்களுக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. மாணவர் சொல்லும் காரணத்துக்கே மதிப்பெண் வழங்குங்கள். முதல் வினாவுக்கு, 'விலை குறைந்த, எளிதில் எட்டும் பாகத்தை முதலில் பார்ப்பேன்' என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் இயற்பியலோடு சிக்கனத்தையும் கற்றுக்கொண்டிருக்கிறார். பள்ளி வாகனத்தின் ஓட்டுநரிடம் சென்று, 'அண்ணா, அந்தச் சிவப்பு விளக்கு எப்போது அணைகிறது?' என்று கேட்டு வரச் சொல்வது அடுத்த நாளுக்கான நல்ல வீட்டுப்பாடம்.